இருபத்தைந்து லட்சம் பேரின் வலைப்பின்னல்: காபோனில் ஏர்டெல்

2010 ஜூன் 8 அன்று பார்தி ஏர்டெல் நிறுவனம், குவைத்தைச் சேர்ந்த ஸெயின் குழுமத்திடமிருந்து ஆப்பிரிக்காவின் பதினைந்து நாட்டுக் கைபேசிச் சேவைகளை வாங்கி முடித்தது. ஏற்றுக்கொண்ட கடனையும் சேர்த்து அந்தக் கொள்முதலின் மதிப்பு 1,070 கோடி டாலர். வாங்கிய நாடுகளை மக்கள்தொகைப்படி அடுக்கினால் உச்சியில் நைஜீரியா நிற்கும். அப்போதே அங்கே 15 கோடிக்கு மேல் மக்கள். அடியில் காபோன். அங்கே 20 லட்சம் பேர்கூட இல்லை. இன்றும் சுமார் 25 லட்சம்தான்.

இந்தக் கட்டுரை பட்டியலின் அடியில் இருந்த அந்த நாட்டைப் பற்றியது. கூட்டத்தை நம்பி வளர்ந்த ஒரு நிறுவனம், கூட்டமே இல்லாத நாட்டில் எப்படிக் காலூன்றுகிறது? அதற்கான விலையைக் கடைசியில் யார் கொடுக்கிறார்கள்? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய சந்தையில் போட்டி தானாக நிலைத்து நிற்காது. நான்கு நிறுவனங்கள் இறங்கினால் இரண்டுதான் மிஞ்சும். அந்த நிலையில் வாடிக்கையாளருக்குக் காப்பு என்று சொல்லத்தக்கது நடுவரின் நேர்மை ஒன்றுதான். காபோனில் அந்த நடுவர் அரசு. அதே அரசு ஒரு போட்டியாளரின் பங்குதாரர். அதே அரசுதான் தேர்தல் நாளில் இணைப்பைத் துண்டித்த கையும். காபோன் கைபேசித் துறையின் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

காடும் கோபுரமும்

நிலநடுக்கோடு காபோனின் குறுக்கே ஓடுகிறது. நாட்டின் பரப்பு 2,67,667 சதுர கிலோமீட்டர்; அதில் ஏறத்தாழ 88 விழுக்காடு மழைக்காடு. மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் நகரங்களில் வாழ்கிறார்கள். தலைநகர் லிப்ரவில்லும் அதைச் சூழ்ந்த பகுதியும் மட்டுமே நாட்டின் பாதி மக்களைக் கொண்டிருக்கின்றன. எண்ணெய் நகரமான போர்-ஜாந்தீ, தென்கிழக்கில் மாங்கனீசுச் சுரங்கங்களை ஒட்டிய பிரான்ஸ்வில், வடக்கில் ஓயெம் என்று சில ஊர்களைச் சேர்த்துவிட்டால் பெரும்பான்மை மக்கள் கணக்கில் வந்துவிடுவார்கள். எஞ்சியவர்கள் ஆற்றோரங்களிலும் காட்டுச் சாலையோரங்களிலும் சிறு சிறு ஊர்களாகச் சிதறிக் கிடக்கிறார்கள்.

கைபேசி நிறுவனத்தின் பார்வையில் இது இருவேறு நாடுகள். நகரங்களைச் சில நூறு கோபுரங்களால் மூடிவிடலாம். முதலீடும் விரைவில் திரும்பும். காட்டுக்குள் இருப்பவர்களை எட்டுவது வேறு கணக்கு.

காட்டுக் கோபுரம் ஒன்றை அருகே சென்று பார்த்தால் இது விளங்கும். மின்கம்பி வராத இடத்தில் கோபுரம் டீசல் ஜெனரேட்டரை நம்பி நிற்கிறது. அந்த டீசல் மண்சாலையில் லாரி ஏறி வர வேண்டும். மழைக்காலத்தில் லாரி சேற்றில் சிக்கினால் கோபுரமும் அடங்கிவிடும். சூரியத் தகடு பொருத்தலாம். ஆனால் காபோனின் நீண்ட வறண்ட பருவமான ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழை நின்றாலும் தாழ்வான மேகம் வானத்தை மூடியே கிடக்கும். சகாராவின் விளிம்பில் எளிதாக வேலை செய்யும் தகடு இங்கே அவ்வளவு கைகொடுக்காது. ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கடத்தும் நுண்ணலைக்கு இடையில் தடையற்ற நேர்க்கோட்டுப் பார்வை வேண்டும். ஓகுமே போன்ற மரங்கள் நாற்பது மீட்டர் உயரத்துக்கு வளரும் காட்டில் அந்தப் பார்வையைப் பெற, கோபுரத்தை அவற்றுக்கும் மேலே உயர்த்த வேண்டும். அதுவும் முடியாத இடத்தில் செயற்கைக்கோள் இணைப்பு ஒன்றே வழி. அதற்கு மாதந்தோறும் வாடகை. இத்தனைக்கும் பிறகு அந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருப்பவர்கள் சில நூறு பேராக இருக்கலாம்.

கோபுரங்களின் எண்ணிக்கையையாவது மக்கள்தொகைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். குறைக்கவே முடியாத செலவுகள் வேறு உள்ளன. உரிமக் கட்டணம், அலைக்கற்றை, அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் மைய இயந்திரங்கள், கட்டணக் கணக்கு மென்பொருள், கடலடிக் கம்பியில் இடம், நிர்வாகம், சட்ட ஆலோசனை என எல்லாமே வேண்டும். நாடு சிறியது என்பதற்காக இவற்றின் விலை அதே அளவில் சுருங்குவதில்லை. நைஜீரியாவில் கோடிக்கணக்கானோர் பகிர்ந்து சுமக்கும் பாரத்தைக் காபோனில் சில லட்சம் பேர் சுமக்க வேண்டும். சிறிய சந்தையின் முதல் விதி இது. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

செல்டெல் போட்ட அடித்தளம்

காபோனுக்குள் ஏர்டெல் புதிதாக நுழையவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு வலைப்பின்னலை வாங்கியது. அதைக் கட்டியது செல்டெல்.

சூடானில் பிறந்து பிரிட்டனில் பொறியாளராக வளர்ந்தவர் மோ இப்ராஹிம். பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்திலிருந்து வெளியேறி 1989-இல் ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1998-இல் ஆப்பிரிக்காவுக்கென்றே ஒரு கைபேசி நிறுவனத்தை நிறுவினார். செல்டெல் என்று அறியப்பட்டது அதுதான். ஐரோப்பியப் பெருநிறுவனங்கள் சீண்டத் தயங்கிய நாடுகளில் அவர் உரிமம் பெற்றார். சாட், இரு காங்கோக்கள், மலாவி, சியரா லியோன் என்று நீண்ட அந்த வரிசையில் காபோனும் இருந்தது. 2000-இல் அங்கே சேவை தொடங்கியது.

இந்தத் துறையில் லஞ்சம் தவிர்க்க முடியாதது என்ற பேச்சை மோ இப்ராஹிம் ஏற்கவில்லை. 30,000 டாலருக்கு மேற்பட்ட எந்தச் செலவுக்கும் நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று விதி வைத்திருந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு மேலாளரிடம் அமைச்சர் யாராவது பணம் கேட்டால், அது தன் கையில் இல்லை என்று அவர் கைவிரிக்க அந்த விதி உதவியது. நிறுவனங்களுக்கும் ஆட்சிக்கும் இடையிலான உறவு நெருங்கியதாக இருக்கும் சிறிய நாடுகளில் இப்படி ஒரு விதியின் மதிப்பு மிகப் பெரியது.

செல்டெல் செய்த இன்னொரு காரியம் வரலாற்றில் இடம்பெற வேண்டியது. காங்கோ ஆற்றின் இரு கரைகளில் பிராசாவில்லும் கின்ஷாசாவும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டும் தலைநகரங்கள், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பேசினால் அழைப்பு செயற்கைக்கோள் ஏறி வேறு கண்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. கட்டணமும் அதற்கேற்ப இருந்தது. செல்டெல் ஆற்றின் குறுக்கே நேரடி நுண்ணலை இணைப்பு ஒன்றை அமைத்து அந்தச் சுற்றுவழியை ஒழித்தது. 2006 செப்டம்பரில் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றையும் ரோமிங் கட்டணமில்லாத ஒரே வலைப்பின்னலாக்கியது. 2007 ஜூனில் காபோனும் இரு காங்கோக்களும் அதில் சேர்ந்தன. லிப்ரவில்லில் வாங்கிய சிம்மோடு பிராசாவில்லுக்குப் போனவர் அங்கே உள்ளூர்க்காரரைப் போல ரீசார்ஜ் செய்து பேசலாம். ஊரிலிருந்து வரும் அழைப்புக்குக் கட்டணம் கிடையாது.

மத்திய ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகள், அதாவது காபோன், கேமரூன், சாட், காங்கோ, ஈக்வடோரியல் கினி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகியவை, ‘செமாக்’ என்ற பொருளாதாரக் கூட்டமைப்பில் இணைந்து ஒரே நாணயத்தைப் பயன்படுத்துகின்றன. இருந்தும் எல்லை தாண்டிய கைபேசிக் கட்டணத்தை ஒழிப்பதில் அரசுகளுக்கு முன்னால் ஒரு தனியார் நிறுவனம் ஓடியது. காரணம் எளியது. தனித்தனியே சிறிதாக இருக்கும் சந்தைகளை ஒட்டவைத்தால் ஒரு பெரிய சந்தை கிடைக்கும் என்பதைச் செல்டெல் அன்றே கண்டுகொண்டது.

குவைத்தின் எம்.டி.சி. 2005-இல் செல்டெல்லை 340 கோடி டாலருக்கு வாங்கியது. 2008-இல் பெயர் ஸெயின் ஆயிற்று. 2010-இல் ஏர்டெல். பத்தாண்டில் ஒரே கோபுரங்களில் மூன்று பெயர்ப்பலகைகள். கடைசிக் கைமாற்றத்தின்போது காபோன் அரசு, தன் நாட்டுக் கிளையின் விற்பனையை முதலில் ஏற்க மறுத்தது, பிறகே இசைந்தது. கண்டம் அளாவிய பேரத்தில் தன் ஒப்புதலைக் கேட்காமல் தன்னைச் சேர்த்துவிட்டார்கள் என்ற மனத்தாங்கல் ஒரு சிறிய நாட்டுக்கு எழுவது இயல்பு. அதில் நியாயமும் உண்டு.

இந்திய உத்தி காபோனில் சந்தித்த சுவர்

ஏர்டெல் இந்தியாவில் வென்ற முறை பிரசித்தமானது. வலைப்பின்னலைக் கட்டிப் பராமரிக்கும் வேலையை எரிக்சன், நோக்கியா போன்றவர்களிடமும், கணினி வேலைகளை ஐ.பி.எம்.மிடமும் ஒப்படைத்துவிடுவது; நிமிடக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்குவது; பேசும் நிமிடங்களின் எண்ணிக்கையில் லாபம் பார்ப்பது. 2010-இல் அந்த முறையைத்தான் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுபோனது. அதே ஐ.பி.எம்., அதே எரிக்சன், அவர்களோடு ஹுவாவே.

இந்த முறைக்கு உயிர் கொடுப்பது ஒரு நிபந்தனை: விலை இறங்கும்போதெல்லாம் இதுவரை கைபேசி தொடாத மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர வேண்டும். இந்தியாவில் வந்தார்கள். காபோனில் வருவதற்கு ஆள் இல்லை. 2010 வாக்கிலேயே அங்கே பயன்பாட்டில் இருந்த சிம்களின் எண்ணிக்கை மக்கள்தொகையைத் தாண்டியிருந்தது. எண்ணெய் வருமானத்தால் ஓரளவு வசதியும் நகர வாழ்க்கையும் இருந்த அந்த நாட்டில் கைபேசி வெகு சீக்கிரம் பரவிவிட்டது. எனவே கட்டணத்தைக் குறைத்தால் புதிய ஆள் சேரவில்லை; பழைய ஆள்தான் ஒரு சிம்மிலிருந்து இன்னொரு சிம்முக்கு மாறினார். ஒரு நிறுவனம் விலை இறக்கினால் மற்றதும் இறக்கும். கடைசியில் மொத்த வருமானம்தான் சுருங்கும்.

ஆப்பிரிக்காவில் ஏர்டெல் பல ஆண்டுகள் நட்டத்தில் ஓடியது. 2016-இல் புர்க்கினா பாசோ, சியரா லியோன் கிளைகளை ஆரஞ்சு நிறுவனத்துக்கு விற்றது. கானாவில் 2017-இல் போட்டியாளரான டிகோவுடன் இணைந்து, பின்னர் 2021-இல் அந்தக் கூட்டு நிறுவனத்தையே அரசிடம் விட்டுவிட்டு வெளியேறியது. கானாவின் மக்கள்தொகை காபோனைவிடப் பத்து மடங்குக்கு மேல். பெரிய சந்தையைக் கைவிட்ட நிறுவனம் மிகச் சிறிய சந்தையை ஏன் வைத்துக்கொண்டது?

மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, தலைக்கு வரும் வருமானம். உலக வங்கியின் வகைப்பாட்டில் காபோன் மேல்நடுத்தர வருமான நாடு. ஒரு வாடிக்கையாளர் மாதம் செலவிடும் தொகை அண்டை நாடுகளைவிடக் கூடுதல். இரண்டாவது, நாணயம். மத்திய ஆப்பிரிக்க பிராங்க் ஒரு யூரோவுக்கு 655.957 என்று நிலையாகக் கட்டப்பட்டது. நைஜீரியாவின் நைரா சரிந்தபோது என்ன நடந்தது என்பதை ஏர்டெல் ஆப்பிரிக்காவின் கணக்கே சொல்லும்: 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் 8.9 கோடி டாலர் நட்டம் காட்டியது. முதன்மைக் காரணம் நைராவின் மதிப்பிழப்பு. பிராங்க் நாடுகள் அப்படிப்பட்ட அதிர்ச்சியைத் தருவதில்லை. பெரிய சந்தையில் ஆள்பலம் உண்டு. சிறிய சந்தையில் ஈட்டிய பணம் ஈட்டிய மதிப்பிலேயே கைக்கு வருகிறது.

மூன்றாவது காரணம் போட்டியாளர்கள் குறைந்துபோனது. அதைத் தனியே பார்க்க வேண்டும்.

நான்கு இரண்டான கதை

2009-இல் காபோனில் நான்கு கைபேசி நிறுவனங்கள் இருந்தன. அரசின் அஞ்சல்-தொலைபேசித் துறையிலிருந்து பிறந்த காபோன் டெலிகாம், தன் கைபேசிப் பிரிவான லிபர்டிஸ் வழியே சேவை தந்தது. 2007-இல் அதன் 51 விழுக்காட்டை மொராக்கோவின் மரோக் டெலிகாம் வாங்கியது. எஞ்சியது அரசிடமே இருந்தது. இரண்டாவது செல்டெல் வழிவந்த ஸெயின். மூன்றாவது மூவ். நான்காவதாக அந்த ஆண்டு வந்து சேர்ந்தது அஸூர்.

இந்த நான்கும் இரண்டானது காபோனுக்கு வெளியே நடந்த வியாபாரத்தால். மூவ், அமீரகத்தின் எதிசலாத் குழுமத்தைச் சேர்ந்தது. 2014-இல் எதிசலாத், பிரான்ஸின் விவெண்டியிடமிருந்து மரோக் டெலிகாமையே வாங்கியது. பிறகு தன் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் கிளைகள் ஆறையும் 2015-இல் மரோக் டெலிகாமிடம் ஒப்படைத்தது. லிப்ரவில்லில் நேற்றுவரை போட்டியிட்ட இரு நிறுவனங்களுக்கு ஒரே முதலாளி. 2016-இல் இரண்டும் இணைந்தன. 2021 தொடக்கத்திலிருந்து மூவ் ஆப்பிரிக்கா என்ற பெயரில் இயங்குகின்றன. அஸூரோ நான்காவது ஆளாக வந்த சுமையைத் தாங்க முடியாமல் தள்ளாடி, பத்தாண்டுக்குள் சந்தையிலிருந்து மறைந்தது.

இது காபோனின் தனிக்கதையாக இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். பக்கத்தில் காங்கோ-பிராசாவில்லைப் பாருங்கள். அங்கும் எம்.டி.என்., ஏர்டெல், வாரித், அஸூர் என்று நான்கு. 2013-இல் ஏர்டெல் வாரித்தின் காங்கோ கிளையை வாங்க ஒப்பந்தம் செய்தது, அஸூர் அங்கும் நலிந்தது, மிஞ்சியது இரண்டு. குறைக்க முடியாத செலவை நான்கு பேர் தனித்தனியே செய்ய, வாடிக்கையாளர் எண்ணிக்கையோ நான்காகப் பிரிந்தால் எவருக்கும் கட்டுப்படியாகாது. உரிமங்களை வாரி வழங்குவதால் போட்டி பெருகும் என்று அரசுகள் எண்ணின. உரிமம் கொடுப்பது அரசின் கையில் இருக்கிறது. வாடிக்கையாளரைப் பெருக்குவது எந்த அரசின் கையிலும் இல்லை.

இரண்டே நிறுவனங்கள் மிஞ்சும்போது அவற்றுக்கிடையே எழுதாத இணக்கம் உருவாகும் ஆபத்து எப்போதும் உண்டு. இதைத் தடுக்க 2012-இல் அமைக்கப்பட்ட ஆர்செப் என்ற ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் அழைப்பை மற்றது ஏற்பதற்கான இணைப்புக் கட்டணத்தைக் கட்டுக்குள் வைப்பது அதன் முக்கியமான வேலை. அந்தக் கட்டணம் உயர்ந்தால், சொந்த வலைப்பின்னலுக்குள் மலிவு, வெளியே விலை என்ற மதில் எழும். காபோனில் எண்ணைப் பார்த்தாலே நிறுவனம் தெரியும்: 074, 077 என்றால் ஏர்டெல், 062, 066 என்றால் மூவ். இரு சிம் போட்ட கைபேசியோடு அலைந்து, அழைக்கப்போகும் எண்ணின் தொடக்கத்தைப் பார்த்துச் சிம்மைத் தேர்ந்தெடுப்பது இந்த மதிலை ஏறிக் குதிக்க மக்கள் கண்ட வழி.

ஆனால் அந்த ஆணையத்தை நியமிக்கும் அரசுதான் காபோன் டெலிகாமின் 49 விழுக்காட்டுப் பங்குதாரர். ஏர்டெல்லின் எதிராளி லாபம் ஈட்டினால் கருவூலத்துக்குப் பங்கு வரும். ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சொந்தக்காரரே நடுவரையும் நியமிப்பது போன்றது இது. நடுவர் நேர்மையாகவே விசில் ஊதினாலும் மறு அணிக்கு அதை நம்புவது கடினம்.

கடலடிக் கம்பி விஷயத்தில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. 2002-இல் செயல்படத் தொடங்கிய சாட்-3 கம்பி லிப்ரவில்லில் கரையேறியபோது அந்த வாசல் காபோன் டெலிகாமின் கையில் இருந்தது. வெளியுலகுக்குப் போகும் மலிவான ஒரே பாதையின் சாவியைப் போட்டியாளரிடம் கேட்டு நிற்க வேண்டும். 2012 இறுதியில் ஏஸ் என்ற இரண்டாவது கம்பி வந்தது. இம்முறை அரசு அதைப் பொதுச் சொத்தாக வைத்து எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. உலக வங்கியின் 5.8 கோடி டாலர் கடனுதவியோடு, லிப்ரவில்லிலிருந்து ரயில்பாதையை ஒட்டி பிரான்ஸ்வில் வரையும் அப்பால் காங்கோ எல்லை வரையும் கண்ணாடி இழைக் கம்பி போடப்பட்டது. காபோன் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானவற்றுள் இது ஒன்று. காட்டுக்குள் இரண்டு கம்பிகளைத் தனித்தனியே புதைக்க எந்த நிறுவனமும் வராது. ஒரு கம்பியைப் பொதுவாகப் போட்டு, அதன் மேல் இருவரையும் போட்டியிடச் செய்வதே சிறிய நாட்டுக்கு ஏற்ற முறை.

கோபுரங்களிலும் இதே வழி இருந்தது. 2021-இல் ஏர்டெல் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், மலாவி, சாட், காபோன் ஆகிய நான்கு நாட்டுக் கோபுரங்களையும் ஹீலியோஸ் டவர்ஸ் நிறுவனத்துக்கு விற்கும் திட்டத்தை அறிவித்தது. பொதுவான கோபுர நிறுவனம் வந்தால் ஒரே கம்பத்தில் இரு நிறுவனங்களும் கருவிகளைப் பொருத்தி வாடகையைப் பகிரலாம். மடகாஸ்கரிலும் மலாவியிலும் விற்பனை முடிந்தது. காபோனில் முடியவில்லை. கோபுரத்தைப் பகிர்ந்து பயன்படுத்த வேண்டிய தேவை எங்கே மிகுதியோ அங்கே அது நடக்காமல் போனது வருத்தத்துக்குரியது.

கைபேசியில் கல்லாப்பெட்டி

பேச்சு மலிந்த காலத்தில் நிறுவனத்துக்கும் மக்களுக்கும் புது ஆதாயமாக வந்தது கைபேசிப் பணம். வங்கிக் கிளைகள் லிப்ரவில்லிலும் போர்-ஜாந்தீயிலும் குவிந்திருக்கும் நாட்டில், தெருமுனைச் சிறுகடை ஒன்று ஏர்டெல் மணி முகவராகிவிட்டால் அந்தத் தெருவுக்கு ஒரு கிளை கிடைத்த மாதிரி.

அந்த முகவரின் வேலை வெளியிலிருந்து பார்ப்பதைவிடக் கடினம். அவரிடம் இரண்டு கையிருப்பு வேண்டும்: பெட்டியில் ரொக்கம், கைபேசியில் மின்பணம். ஒருவர் ரொக்கம் கொடுத்து ஊருக்கு அனுப்பச் சொன்னால் மின்பணம் குறையும், ரொக்கம் ஏறும். பணம் எடுக்க வருபவரால் இது தலைகீழாகும். சம்பள நாளில் தலைநகரில் எல்லோரும் அனுப்புவார்கள். அதே நாளில் தொலைவுச் சிற்றூரில் எல்லோரும் எடுப்பார்கள். தலைநகர முகவரிடம் மின்பணம் வற்றும். சிற்றூர் முகவரிடம் ரொக்கம் வற்றும். இந்த இரு வறட்சியையும் சமாளித்து ரொக்கத்தை ஊர்விட்டு ஊர் நகர்த்துவதில்தான் கைபேசிப் பணத்தின் வெற்றி இருக்கிறது. செயலியின் அழகு அதற்குப் பிறகுதான்.

நல்லவேளையாக இந்தத் துறையில் செமாக் நாடுகள் ஒன்றாகச் சிந்தித்தன. 2018 டிசம்பரில் பிராந்திய வங்கி ஆணையமான கோபாக், பணச் சேவையைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் உரிமம் பெற்ற தனி அமைப்பின் மூலமே நடத்த வேண்டும் என்ற விதிமுறையைக் கொண்டுவந்தது. 2020-இல் கிமாக் என்ற பிராந்தியப் பரிமாற்ற அமைப்பு, வங்கி அட்டைகளையும் வெவ்வேறு நிறுவனங்களின் கைபேசிப் பணத்தையும் ஒன்றோடொன்று பேசவைத்தது. லிப்ரவில்லில் வேலை பார்க்கும் கேமரூன்காரர் தூவாலாவில் இருக்கும் குடும்பத்துக்கு, வேறொரு நிறுவனத்தின் கணக்கானாலும், கைபேசியிலிருந்தே பணம் அனுப்பும் வழி திறந்தது. ஒரே நாணயம், ஒரே மத்திய வங்கி, ஒரே விதி என்று ஆறு சிறிய சந்தைகள் இணைந்தபோது அளவு என்ற தடை தளர்ந்தது. செல்டெல் 2007-இல் குரல் அழைப்பில் செய்ததை, பதின்மூன்று ஆண்டு கழித்து அரசுகள் பணத்தில் செய்தன.

முதலீட்டாளர்களும் இதன் மதிப்பை உணர்ந்திருக்கிறார்கள். 2021-இல் டி.பி.ஜி. நிறுவனத்தின் ரைஸ் நிதியம் 20 கோடி டாலரும் மாஸ்டர்கார்டு 10 கோடி டாலரும் ஏர்டெல்லின் ஆப்பிரிக்கப் பணச் சேவையில் இட்டன. மொத்த மதிப்பு 265 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது.

அரசின் கையில் இருக்கும் விசை

2023 ஆகஸ்ட் 26 அன்று காபோனில் அதிபர் தேர்தல். வாக்குப்பதிவு முடிந்த மாலையில் நாடு முழுக்க இணையம் நிறுத்தப்பட்டது; இரவு ஊரடங்கும் அறிவிக்கப்பட்டது. பொய்ச் செய்தியையும் வன்முறைத் தூண்டலையும் தடுக்கவே என்றது அரசு. 30-ஆம் தேதி அதிகாலை, பதவியில் இருந்த அதிபர் அலி போங்கோ வென்றதாக அறிவிப்பு வந்தது. சற்று நேரத்தில் ராணுவ அதிகாரிகள் தொலைக்காட்சியில் தோன்றி ஆட்சியைக் கைப்பற்றியதாகச் சொன்னார்கள். அன்று காலையில் இணையமும் திரும்பியது. தேர்தலில் மக்கள் பேசுவதைத் தடுக்க நிறுத்திய இணையம், அந்த ஆட்சி கவிழ்ந்த பிறகே வந்தது.

இது முதல் முறையும் இல்லை. 2016 தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் ஜான் பிங்கின் ஆதரவாளர்கள் முடிவை எதிர்த்துத் தெருவுக்கு வந்தபோது இணையம் சில நாட்கள் முழுதாக முடங்கியது. பிறகு பல வாரங்கள் இரவுதோறும் அணைக்கப்பட்டது. 2019 ஜனவரியில் சில ராணுவத்தினர் அரசு வானொலியைக் கைப்பற்றி ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்ற நாளிலும் துண்டிக்கப்பட்டது.

சுற்றிலும் இதே நோய். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு 2014 ஜூனில் எஸ்.எம்.எஸ். சேவையையே நிறுத்தச் சொன்னது. வேலைநிறுத்த அழைப்பு குறுஞ்செய்தியாகப் பரவியதுதான் காரணம். சாட் நாட்டில் 2018 மார்ச் முதல் 2019 ஜூலை வரை பதினாறு மாதங்கள் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. ஈக்வடோரியல் கினிக்குச் சொந்தமான அன்னோபோன் தீவில், பாறைகளை வெடிவைத்துத் தகர்ப்பதை எதிர்த்து மக்கள் குரல் கொடுத்த பிறகு, 2024 ஜூலையில் துண்டிக்கப்பட்ட இணைப்பு ஓராண்டுக்கும் மேல் திரும்பவில்லை.

சிறிய சந்தைக்கும் இந்த முடக்கத்துக்கும் தொடர்பு உண்டு. இணைப்பு வழங்குவோர் பலராகவும் வெளிநாட்டு வாசல்கள் பலவாகவும் இருக்கும் நாட்டில் இணையத்தை அணைப்பது பெருவேலை. இரண்டே நிறுவனங்களும் ஓரிரு கடலடிக் கம்பிகளும் உள்ள நாட்டில் ஓர் ஆணை போதும். நிறுவனமோ உரிமத்துக்கும் அலைக்கற்றைக்கும் அதே அரசை நம்பியிருக்கிறது. மறுத்தால் தொழிலே போகும். ஏர்டெல் இடத்தில் யார் இருந்தாலும் இதே நிலைதான். ஆனால் எந்தச் சட்டப் பிரிவின் கீழ், யார் கையெழுத்திட்ட, எத்தனை நாளுக்கான ஆணை வந்தது என்பதை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகச் சொல்வது நிறுவனத்தால் முடியும். அதைச் செய்யும் கடமையும் அதற்கு உண்டு. பணத்தையே கைபேசியில் வைத்திருக்கும் மக்களுக்கு இணைப்பு என்பது பேச்சுரிமையோடு கூடவே கைமுதலும் ஆகிவிட்டது.

செய்ய வேண்டியவை

காபோனுக்கு மூன்றாவது கைபேசி நிறுவனத்தைக் கொண்டுவருவது தீர்வாகாது. அஸூரின் முடிவு அதற்குச் சான்று. 2025 மே மாதம் ஏர்டெல் ஆப்பிரிக்கா, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் சேவையைத் தன் சந்தைகளில் தர ஸ்பேஸ்எக்ஸுடன் ஒப்பந்தம் செய்திருக்கிறது. காட்டுக் கோபுரங்களுக்கு அது உதவலாம். தொழில்நுட்பம் தொலைவைக் குறைக்கும். ஆட்சியின் பழக்கத்தை மாற்றாது.

அரசு செய்ய வேண்டியவை நான்கு. காபோன் டெலிகாமில் இருக்கும் தன் பங்கை விட்டு விலக வேண்டும்; அல்லது அந்தப் பங்கை நிர்வகிப்பவர்களுக்கும் ஆர்செப் நியமனங்களுக்கும் இடையே சட்டத்தால் சுவர் எழுப்ப வேண்டும். கடலடிக் கம்பியில் செய்ததைப் போலக் கோபுரங்களிலும் பகிர்வைக் கட்டாயமாக்கி, சிற்றூர்களுக்கு ஒரே பொதுக் கோபுரம் என்ற முறையைக் கொண்டுவர வேண்டும். கிமாக் பணத்தில் சாதித்ததைப் போல, ரோமிங்கிலும் உரிமத்திலும் செமாக் முழுவதையும் ஒரே சந்தையாக்க முன்நிற்க வேண்டும். நீதிமன்ற ஆணையின்றி இணைப்பைத் துண்டிப்பதைக் குற்றமாக்க வேண்டும்.

இந்த நான்கில் முதல் மூன்றுக்குப் பணமும் காலமும் தேவைப்படும். நான்காவதற்கு ஒரு சட்டம் போதும். 2023 ஆகஸ்ட் 30 காலையில் இணைப்பைத் திருப்பித் தந்தவர்களே அந்தச் சட்டத்தையும் தந்தால்தான், அடுத்த தேர்தல் மாலையில் காபோன் மக்களின் கைபேசி அவர்களுக்கே சொந்தமாக இருக்கும்.